நல்லவங்கதான்

போனில் என் குரல் நன்றாக இருக்கும் என்பார்கள். ரத்தப் பரிசோதனை முடிவை நான் சொன்னால் பாதி நோய் குறைந்த மாதிரி இருக்கிறதாம். அதனால் என் பேச்சை யாரும் சந்தேகப்படுவதில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு லேபில் வேலை கேட்டுப் போனேன். எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். நரம்பே பிடிபடாத ஒரு பெரியவருக்கு ஒரே குத்தில் ரத்தம் எடுத்துக் காட்டினேன். அங்கே பொறுப்பில் இருந்தவளை எல்லோரும் அக்கா என்பார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று அக்கா கேட்டாள். சாக்கடை அடைப்பு எடுக்கிறார் என்றேன். எனக்குக் காபி நீட்டிய பெண் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் கை நல்ல கைம்மா," என்றாள் அக்கா. "ஆனா எங்க குரூப்புக்கு நீ செட் ஆக மாட்டே. தப்பா எடுத்துக்காதே."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த லேபை மூடிவிட்டார்கள். அப்போது நான் வேறொரு லேபில் மேனேஜர். அக்கா வேலை கேட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என்னை அடையாளமே தெரியவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. புருஷன் படுத்த படுக்கை, மகள் படிக்கிறாள், மேடம்தான் பார்த்துச் செய்யவேண்டும் என்றாள். விரட்டியிருக்கலாம். விரட்டினால் வேறு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்வாள். வேலை கொடுத்தால்தான் அடுத்த இடத்தில் அவளைப் பற்றி என்னிடம் விசாரிப்பார்கள். அன்றைக்கே கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து, ஆள் குறைக்கிறோம் என்று அனுப்பினேன். யார் கேட்டாலும் என் நம்பரைக் கொடுங்கள் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பது இடங்களிலிருந்து போன் வந்தது. ஆள் எப்படி என்பார்கள்.

"நல்லவங்கதான்," என்பேன். அப்புறம் மூன்று மூச்சு சும்மா இருப்பேன்.

"என்னங்க, இழுக்கிறீங்க?"

"சேச்சே, ஒண்ணுமில்லைங்க. வேலையெல்லாம் சுத்தம். நீங்களே பேசிப் பாத்து முடிவு பண்ணிக்குங்க."

இதில் ஒரு பொய் உண்டா, நீங்களே சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். ஒருவருக்கு அது திருட்டாகத் தெரிந்திருக்கும், இன்னொருவருக்கு வாய்த்துடுக்காக. ஒவ்வொரு தடவையும் அக்கா எனக்குத்தான் போன் செய்து அழுவாள். "என்ன குறைன்னே சொல்ல மாட்டேங்கறாங்க மேடம்." ஆறுதல் சொல்வேன். போனை வைத்ததும் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

ஒன்பதாவது இடமும் கைவிட்ட வாரத்தில் அக்கா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அவள் அலையவேண்டும் என்று மட்டும்தான் நான் ஆசைப்பட்டேன். ஆனாலும் கொன்றது யார் என்று கேட்டால் நான்தான், மறுக்கமாட்டேன். வருத்தம் வருமா என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மாவுக்காக எத்தனை பேர்கிட்ட பேசினீங்க! உங்களை மாதிரி யார் மேடம் செய்வாங்க?"

நிமிர்ந்து பார்த்தால் அப்படியே அக்காவின் முகம். தணிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த கோபம் மறுபடி சூடேறியது.

அவளும் லேப் படிப்புதான் படித்திருக்கிறாள். நேற்று வேலை கேட்டு வந்தாள். தேர்வுகூட வைக்கவில்லை, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டேன். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?