ஊர்வலத்தில் ஒரு கரப்பான்பூச்சி

மிரேயா: பிரேக் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு மனுஷா! என் மூக்கு உன் முதுகுல இடிச்சு சப்பையாயிடுச்சு.

ரமீரோ: சிக்னல் விழுந்துச்சு, நின்னேன்.

மிரேயா: ஊர்வலத்துக்கு ஏதுய்யா சிக்னல்? ஆறாவது அவென்யூவையே மறிச்சு விட்டிருக்காங்க.

ரமீரோ: பதினெட்டு வருஷமா நியூயார்க் பிராங்க்ஸ் பக்கம் பஸ் ஓட்டுற காலு. சிவப்பைப் பார்த்தா தானா நிக்குது.

மிரேயா: இங்க பின்னாடி எனக்குத் தெரியறது உன் முதுகும் தார் ரோடும்தான். பூச்சித் தலையில மட்டும் கண்ணுக்கு ஓட்டை போட்டிருக்கியே, இந்த வேஷத்தோட பின்பாதிக்குள்ள இருக்கற நான் என்ன பாவம் பண்ணேன்?

ரமீரோ: எந்தக் கரப்பான்பூச்சிக்கு வால்ல கண்ணு இருக்கு?

மிரேயா: அடுத்த வருஷ ஹாலோவீன் வேஷத்துக்கு நீ பின்பாதி. சரி, சொல்லு... யாரிட்சா தெரியறாளா?

ரமீரோ: தெரியறாளாவா! பத்தடி தள்ளி. சிவப்புக் கோட்டு, மூஞ்சி பூரா வெள்ளை பூசி எலும்புக்கூடு மாதிரி... எலும்புக்கூட்டுலயும் நம்ம பொண்ணுதான் அழகு.

மிரேயா: மெதுவா பேசு! உன் குரல் கேட்டுச்சு, தொலைஞ்சோம்.

ரமீரோ: மெதுவாத்தானே பேசறேன்.

மிரேயா: உன் மெதுவு மூணு தெருவுக்குக் கேக்கும். அவளுக்கு எழுதிக் குடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கே, மறந்துட்டியா? 'அப்பா ரமீரோ ஊர்வலத்துக்கு வர மாட்டேன்'னு. கையெழுத்தோட.

ரமீரோ: ரமீரோ எங்க வந்தான்? வந்திருக்கறது கரப்பான்பூச்சி.

மிரேயா: போன வருஷம் பள்ளிக்கூடக் கச்சேரியில நாற்காலி மேல ஏறி நின்னு, 'அது என் பொண்ணு, என் பொண்ணு'ன்னு கத்தி, நாற்காலி உடைஞ்சு டிரம் மேலயே விழுந்தியே... அந்த வீடியோவைப் பார்க்காத புள்ள அந்தப் பள்ளிக்கூடத்துல உண்டா? ஒரு வாரம் அவ நம்மகிட்ட பேசல.

ரமீரோ: நீ மட்டும் என்ன? ஓன்னு அழுதே. அதுவும் வீடியோவுல இருக்கு.

மிரேயா: நான் உக்காந்துக்கிட்டு அழுதேன்.

ரமீரோ: ம்... நகருது. இடது கால்.

மிரேயா: இன்னிக்கு மட்டும் அவ நம்மளைக் கண்டுபிடிச்சா இனிமே எந்தக் கச்சேரியையும் நம்மகிட்ட சொல்லவே மாட்டா. அதான் எனக்கு பயம்.

ரமீரோ: எப்படிக் கண்டுபிடிப்பா? வீட்டுக் கதவுல காகிதப் பூசணி ஒட்டியாச்சு. உள்ள பக்கத்து வீட்டு லூர்தெஸ் உக்காந்து, வேஷம் போட்டு வர்ற பசங்களுக்கு மிட்டாய் குடுக்கறா. அவளைப் பொறுத்தவரை நாம வீட்டுல இருக்கோம்.

மிரேயா: ஊர்வலம் கிளம்பறதுக்கு முன்னாடி ஃபோன்ல கேட்டாளே... 'அம்மா, மிட்டாய் போதுதா?'ன்னு. எந்த வருஷமும் கேக்காதவ.

ரமீரோ: நீ என்ன சொன்னே?

மிரேயா: 'மூணாவது மாடிப் பசங்க இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க'ன்னேன். கரப்பான்பூச்சி வயித்துக்குள்ள இருந்துக்கிட்டு.

ரமீரோ: ஹா ஹா...

மிரேயா: சிரிக்காதே, கொம்பு ஆடுது! ஆமா, ஊர்வலத்தை வரிசைப்படுத்தின அந்த மஞ்சள் சட்டைப் பொண்ணு எப்படி நம்மளை நேரா நம்ம பொண்ணோட பேண்டு வாத்தியக் குழுவுக்குப் பக்கத்துலயே நிறுத்துனா? பட்டியலைப் பார்த்துட்டு 'கரப்பான்பூச்சி இங்க'ன்னாளே. நாம யார்கிட்டயும் பேரே குடுக்கலையே.

ரமீரோ: அதிர்ஷ்டம்டி. உடைஞ்ச குடை பன்னெண்டு பொறுக்கி, கம்பியை வளைச்சு, குப்பைப் பையை ஒட்டி ரெண்டு வாரம் உழைச்சதுக்கு... நில்லு! நின்னுட்டாங்க.

மிரேயா: யோவ், மூக்கு!

ரமீரோ: பதினாலாம் தெரு. டிரம் நின்னுடுச்சு. மிரேயா... அவ முன்னால வர்றா. தனியா.

மிரேயா: தனியாவா? அவ மட்டுமா?

ரமீரோ: அவ மட்டும். டிரம்பெட்டைத் தூக்கிட்டா. இத்தனை ஜனமும் அவளைத்தான்... ஐயோ.

மிரேயா: என்ன? ஒண்ணும் தெரியலையே. என்னய்யா சத்தம் அது?

ரமீரோ: முதல் சுரமே பிசிறிடுச்சு. நிறுத்திட்டா. உதட்டைத் துடைக்கறா, மிரேயா. நான் ஒரே ஒரு தடவை அவ பேரைச் சொல்லி...

மிரேயா: கத்தினே, கடிச்சு வச்சிருவேன்!

ரமீரோ: அப்ப என்ன பண்ணட்டும்? சும்மா நிக்கச் சொல்றியா?

மிரேயா: ஆடு.

ரமீரோ: என்னது?

மிரேயா: ஆடுய்யா! நம்ம கல்யாணத்துல ஆடினோமே. இடது கால், இழு... இடது கால், இழு...

ரமீரோ: தள்ளாதே... சரி, சரி, ஆடறேன். ஜனம் சிரிக்குது. ஒரு குட்டி சூனியக்காரி கை தட்டறா... எல்லாரும் தட்டறாங்க!

மிரேயா: அவ? அவ என்ன பண்றா?

ரமீரோ: நம்மளைப் பார்க்கறா... சிரிச்சுட்டா! மறுபடி ஊத ஆரம்பிச்சுட்டா!

மிரேயா: கேக்குது... ரமீரோ, இது...

ரமீரோ: மெரெங்கே. நம்ம ஊரு ஆட்டப்பாட்டு, நாம கல்யாணத்துல ஆடின அதே மெரெங்கே. நியூயார்க் நடுத்தெருவுல நிக்க வச்சு ஊதறாடி என் பொண்ணு!

மிரேயா: மூக்கை ஏன் உறியறே?

ரமீரோ: பெயிண்ட் வாடை.

மிரேயா: எனக்கும் அதே வாடைதான்... நல்லா ஊதறா, இல்ல?

ரமீரோ: பேண்ட் மாஸ்டர் தொப்பியைக் கழட்டிட்டாரு. என் நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு, கத்தவும் முடியாம...

மிரேயா: அடக்கிக்க. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

ரமீரோ: முடிச்சுட்டா. ஐயோ... இங்கதான் வர்றா. அசையாதே.

யாரிட்சா: மிஸ்டர் கரப்பான்பூச்சி, ஆடிக் காட்டி எல்லாரையும் கை தட்ட வச்சதுக்கு தேங்க்ஸ்.

ரமீரோ: க்ரீச்... க்ரீச்...

யாரிட்சா: கரப்பான்பூச்சி இப்படி கத்தாதே?

மிரேயா: வாயை மூடுன்னு சொன்னேன்ல!

யாரிட்சா: ஓ, பின்பாதியும் பேசுதா? பிராங்க்ஸ் கரப்பான்பூச்சி போல. இடது காலை அப்படி இழுத்து மெரெங்கே ஆடற பூச்சியை நான் எங்க சமையலறையில மட்டும்தான் பார்த்திருக்கேன்.

மிரேயா: யாரி... கண்ணு, அப்பாதான் என்னைக் கட்டாயப்படுத்தி...

ரமீரோ: அடிப்பாவி! நீதானே குடை பொறுக்கினே!

யாரிட்சா: ரெண்டு வாரமா குளியல் தொட்டியில பெயிண்ட் காயுது. நம்ம வீட்டுல இருக்கறது ஒரே குளியலறை. அது லூர்தெஸோட சாமான்னு நீங்க சொன்னா நான் நம்பிடுவேனா?

ரமீரோ: கோபமாம்மா? இப்பவே போயிடறோம். நிஜமா ஒரு வார்த்தை கூட கத்தல. அம்மாவைக் கேளு.

யாரிட்சா: பட்டியல்ல கரப்பான்பூச்சின்னு பேர் எழுதிக் குடுத்ததே நான்தான்பா, என் பக்கத்துலயே விடச் சொல்லி. அந்த வேஷத்தைக் கழட்டுங்க ரெண்டு பேரும். அதோ, என் மாஸ்டரும் என் கூட வாசிக்கறவங்களும் பார்த்துக்கிட்டிருக்காங்க. நாற்காலி எதுவும் இல்ல, விழ மாட்டே... இப்ப கத்துப்பா.