பாசியின் பூர்வீகமும் கீரையின் பூர்வீகமும் கண்ட பாசியக்காவுக்குப் பணிநிறைவு வாழ்த்துமடல்

அலைகடலின் ஆழம் அளந்த அறிவே! மரபணுவின் மர்மம் அவிழ்த்த மாண்பே! பொறுமையில் பொன்னே, புன்னகையில் பூவே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்காவே!

இவ்வடைமொழிகளில் பாதி, சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற கணக்கருக்கு எழுதியவை. ஆழம் அளந்ததாக அவரையும்தான் சொன்னோம். எது எங்கிருந்து வந்தது என்பதைத் தாங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம்.

வேறூரிலிருந்து மாற்றலாகி, ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக இக்கடலோர ஆய்வகத்துக்குள் நுழைந்தீர்கள். எந்தப் பாசி இக்கடலுக்கே உரியது, எது கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து குடியேறியது என்று மரபணுவைக் கொண்டு பிரித்தறிவதே தங்கள் பணி. பாசி வாடையோடு தாங்கள் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகிவிடும். அதை அரச மரியாதை என்றே நாங்கள் போற்றி வந்தோம்.

அந்நாளில் வாசல் கண்ணாடித் தொட்டியில் பச்சைப் பாசி ஒன்று, "நம் கடலில் பிறந்த பெருமை" என்ற தங்கமுலாம் பலகையோடு கொலுவீற்றிருந்தது. அலைத்தடுப்புப் பாறைகளில் படர்ந்த பழுப்புப் பாசியையோ அந்நியன் என்று அறிவித்து, இயந்திரம் வைத்துச் சுரண்டி எடுக்க அன்றைய இயக்குநர் ஆணையிட்டார். தாங்களோ, நூறாண்டுக்கு முன் இதே பாறைகளில் பறித்து உலர்த்திய பாசித் துணுக்குகளை அருங்காட்சியகத்திலிருந்து வாங்கிவந்து ஒப்பிட்டீர்கள். பழுப்புப் பாசி அவற்றின் நேர் வாரிசு. தொட்டியிலிருந்த பெருமையோ, தொலைதூரத் துறைமுகப் பாசி ஒன்றின் உடன்பிறப்பு!

"உங்க டெஸ்ட் மெஷின்ல ஏதோ கோளாறும்மா" என்றார் இயக்குநர்.

"மெஷினுக்கு பிரமோஷன் வேணாம் சார். அது எதுக்கு பொய் சொல்லப்போகுது?" என்றீர்கள்.

"அப்ப நான் குடுக்கறதை டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க. தப்பாச்சுன்னா பாறையையும் சுரண்டுவேன், உங்களையும் மாத்துவேன்."

பெயர் எழுதாத மூன்று குப்பிகள் வந்தன. முடிவை முழுக் கூட்டத்தில் அறிவித்தீர்கள்:

"முதலாவது பழுப்பு, நம்மளோடது. ரெண்டாவது பச்சை, வெளியிலேர்ந்து வந்தது. மூணாவது பாசியே இல்ல சார், கீரை. கூடவே மனுஷ மரபணுவும் வந்திருக்கு. சாப்பிட்டு மிச்சம் வெச்சதையா போட்டீங்க?"

பாறை சுரண்ட வந்த இயந்திரம் வந்த வழியே திரும்பியது. பழுப்புப் பாசி இன்றும் பாறையில் தழைக்கிறது; மீன்குஞ்சுகள் அதனுள் ஒளிந்து விளையாடுகின்றன. அந்த இயக்குநரும் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கீரை என்றதும் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பதாக வாக்களித்திருக்கிறார்.

பச்சைப் பாசியையும் தாங்கள் தூக்கி எறியவிடவில்லை. "கடல்ல விட்டாத்தான் ஆபத்து. தொட்டியில அது பாட்டுக்கு இருக்கட்டும், பலகையை மட்டும் கழட்டுங்க" என்றீர்கள். அதற்கான கோப்பு அன்று தொடங்கி மேசை மேசையாக நடந்து, தங்களுக்கு முன்பே கால் ஓய்ந்துவிட்டது. எனவே இன்று காலை நாங்கள் அனுமதி கேட்கவில்லை, திருப்புளி கேட்டோம். கழற்றிய பலகையின் பின்பக்கத்தில்தான் இம்மடலை ஒட்டிச் சட்டமிட்டிருக்கிறோம்.

கைகால் வலியின்றி, கண்ணொளி குன்றாது, பக்கத்து இருக்கையில் ஆள் அமரும் பயணங்களோடு பல்லாண்டு வாழ்க! வீட்டில் இதை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் சரிதான். "நான் வெளியூர்க்காரி, இங்க பிறக்கலையே" என்று பலகையைத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள், அக்கா. அந்த ஒன்றை மட்டும் நாங்கள் சோதனைக்கு அனுப்புவதாக இல்லை.

என்றும் தங்கள் அன்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்
ஆய்வகப் பணியாளர்கள்