கேப்டனும் டேப் ரெக்கார்டரும்

“என் காலைப் பத்தி ரெண்டு மணி நேரம் டேப்புல பேசினேன்” என்றார், போலியோவில் சூம்பிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த உப்பளத் தொழிலாளி. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ், 2005. பக்கத்தில் இருந்தவர் அவருடைய பழைய கபடி கேப்டன்.

“யார்கிட்ட?”

“ஊனத்தோட விளையாடறவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ற அம்மா. புக்கு எழுதறாங்களாம்.”

“பைனல்ல உன்னை எறக்காததையும் சொல்லிட்டியா?”

“பின்னே? ஜனங்க சிரிப்பாங்கன்னு ஸ்கோர் எழுத வெச்சியே.”

கேப்டன் குரலைத் தாழ்த்தினார். “டேய், என் பேரைச் சொன்னியா?”

“நடந்ததைச் சொல்றப்ப சொல்லல. ஆனா நான் யாருன்னு தெரியக் கூடாதுன்னு புக்குல எனக்கு வேற பேரு போடுவாங்களாம். என்ன பேரு வேணும்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னே?”

“உன் பேரைத்தான். புக்குல உனக்குத்தான்டா காலு சூம்பிக் கெடக்கும்.”

கேப்டன் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.