விற்கிற மீன்

"இது விக்கிற மீனும்மா. துன்ற மீனு இல்ல."

ராயபுரத்தில் பாரோடு சேர்ந்த ஓர் ஓட்டல். மூன்று நாள் மூட்டை தூக்கிய கூலி கையில் இருந்ததால் அன்று மதியம் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு விசைப்படகுக்காரரும் அவர் மகளும். அவருடைய பீர் பாதி காலியாகியிருந்தது. வறுத்த வஞ்சிரத் துண்டை மட்டும் தொடவில்லை.

"இன்னா நைனா, வருசக்கணக்கா புடிச்சிகினு கீற, ஒரு துண்டு துன்னதில்லையா?"

"கரைக்கு வந்தா நேரா ஏலத்துக்குப் பூடும். வூட்டுக்கு வெல போவாத பொடி மீனு, காரப்பொடிதான்."

"என் மொத சம்பளம் நைனா. நீ துன்னாதான் நானும் துன்னுவேன்."

அவர் ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து வாயில் வைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம். தட்டில் நடுமுள் மட்டும் மிஞ்சியது.

"எப்டி கீது?"

"ஏன் அப்டி அடிச்சிகினு வாங்கறானுங்கன்னு இன்னைக்குத்தாம்மா தெர்து."

அவள் சிரித்துக்கொண்டே தன் துண்டைப் பிய்த்தாள். "இன்னொன்னு சொல்லவா?"

"ரெண்டா சொல்லு. உங்கம்மாவுக்கு ஒன்னு கட்டிக்கலாம். நாம மட்டும் துன்னுட்டுப் போனா வூட்டுல சேக்க மாட்டா."