முதல் மூட்டில் இறங்கிய கோடு

கம்பளி நூலை ஈரத்தோடு கோக்கக் கூடாது, சாமி. காய்ந்ததும் சுருங்கித் துணியை இழுத்துவிடும். முப்பது வருடமாக ஊசி பிடிக்கிறேன். கேன்டர்பரியில் யாரைக் கேட்டாலும் வுல்ஃப்ரூன் வேலை சுத்தம் என்பார்கள்.

எங்கள் இங்கிலாந்தைப் போரில் பிடித்த நார்மன்காரர்களில் ஒரு பிரபு, தங்கள் வெற்றியைத் துணியில் சித்திரமாகத் தைக்கச் சொன்னார். தோற்றவர்கள் நாங்கள், தைத்ததும் நாங்கள்தான். கூலிக்கு மாரடிக்கிற பிழைப்பு.

துணி மிக நீளம் என்பதால், துண்டு துண்டாகச் சித்திரம் தைத்து, பிறகு மூட்டுவதாக ஏற்பாடு. முதல் மூட்டுக்கு நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் லியோஃப்வாரு நின்றாள். அதே போரில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"அக்கா, ரெண்டு துண்டோட மேல் ஓரக்கோடும் சேரலையே. ஒரு விரக்கடை இறங்கி நிக்குது," என்றாள்.

மற்ற ஆறு பெண்களும் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"உனக்கு மாறுகண்ணுடி. உன் வேலையைப் பாரு," என்றேன்.

ஒருத்தி சிரித்தாள். லியோஃப்வாருவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, இன்றுவரை தெரியவில்லை. நான் மூட்டி முடித்தேன். கோடு இறங்கித்தான் இருந்தது.

மறுநாள் பிரபுவின் காரியஸ்தர் ஃபுல்பெர்ட் வந்தார்.

"முதல் மூட்டே கோணல். யார் போட்டது?" என்றார்.

பயந்துவிட்டேன். லியோஃப்வாரு என்றேன். அவர் கேட்காததையும் சொன்னேன்: "இவ புருஷன் உங்க ஆளுங்க கையாலதான் செத்தான்." அதற்குப் பிறகு அவருக்கு அது கைப்பிசகாகத் தெரியவில்லை, வஞ்சமாகத் தெரிந்தது.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க அக்கா," என்றாள் அவள். ஆறு பேரும் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வலது கையை மணிக்கட்டோடு வெட்டினார்கள். புண் சீழ்பிடித்து ஒன்பதாம் நாள் இறந்தாள். கஞ்சி கொண்டுபோனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சித்திரத்தில் அவள் பாதி தைத்து விட்ட குதிரையை நானே முடித்தேன், நன்றாக வந்தது.

அப்புறம் துண்டுகளை முதலில் மூட்டிவிட்டு, மூட்டின்மேலேயே சித்திரத்தைத் தைத்தோம். அது அவள் சொல்லியிருந்த யோசனை. அதன்பின் ஒரு கோடும் பிசகவில்லை.

என் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, பயத்தில் சொன்ன பொய் என்று பரிகாரத்தைக் குறைத்துச் சொல்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் ஃபுல்பெர்ட் அந்தக் கோட்டைக் கவனிக்கவேயில்லை, சாமி. குதிரைகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வாசல்வரை போய்விட்டார். நான்தான் திரும்பக் கூப்பிட்டு, இறங்கின இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.