படலைக்குப் படலை

— சுருக்கமாச் சொல்லுங்கோ ஐயா. வெளியிலை சனம் வெய்யிலுக்கை நிக்குது.

— சுருக்கமாத்தான் சொல்லுறன் டொக்டர். எண்பத்தேழிலை நான் சங்கத் தலைவராப் பதவியேற்ற காலந்தொட்டு...

— கடவுளே! டொக்டர், இந்த மனிசனுக்கு நடக்கேக்கை கால் பிடிக்குதாம். அவ்வளவுதான். தனியப் போகமாட்டன், நீயும் வாவெண்டு அடுப்பிலை கிடந்த உலையை இறக்கவைச்சு என்னையும் இழுத்துக்கொண்டு வந்தவர்.

— நாகேசு, தலைவர் கதைக்கேக்கை குறுக்கை வரக்கூடாது.

— முந்தின தலைவர். சங்கக் கட்டடத்துக்கு இப்ப கூரையுமில்லை.

— ஐயா, சீனி வருத்தம் எத்தினை வருசம்?

— பன்னிரண்டு. இவாவுக்கும் அப்பிடித்தான். ஒரே நாள் சோதிச்சது, ஒரே குளிசை.

— கெண்டைக்காலோ பிடிக்கிறது?

— ஓம். கொஞ்சத்தூரம் போகப் பிடிக்கும். நிண்டா விட்டிடும். நடந்தாத் திரும்பப் பிடிக்கும்.

— அச்சொட்டாச் சொல்லுறியள். காலுக்கு இரத்தம் போற குழாய் ஒடுங்கினவைதான் இப்பிடிச் சொல்லுவினம்.

— அதுக்கோ இவர் படலைக்குப் படலை நிக்கிறவர்! டொக்டர், முள்ளியவளையிலை நாங்கள் நடந்துபோற வழியிலை இவர் நிண்டு சொற்பொழிவு வைக்காத படலை இல்லை. கோழிக்கு வருத்தமோ, குளத்திலை தண்ணி வத்துதோ, எல்லாத்துக்கும் ஆலோசனை. இவரைக் கண்டாச் சனம் குசினிக்கை ஓடி ஒளிக்குது.

— அது சமூக சேவை.

— போன கிழமை ஒருத்தரும் வெளியிலை வராமல், மாட்டுக்குப் பேசினவர். நான் வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். வேறை என்ன செய்ய?

— சரி அம்மா, சரி. ஒடுக்கம் பார்க்கிறதுக்கு ஒரு சின்னக் கருவி இருக்கு. அதுக்குப் பற்றரி வேணும். பற்றரி இஞ்சாலை வர அரசாங்கத் தடை. இப்ப என்ரை விரல்தான் கருவி. காலை நீட்டுங்கோ ஐயா.

— ஒடுங்கியிருந்தா என்ன நடக்கும் டொக்டர்? இவாவுக்கும் விளங்கிறமாதிரிச் சொல்லுங்கோ.

— இப்பவே வவுனியாவுக்கு அனுப்பினாக் கால் தப்பும். விரல் கறுத்தாப்பிறகு வந்தா முழங்காலுக்குக் கீழை எடுக்கிறதுதான். போன மாசமும் ஒராளுக்கு எடுத்தது.

— வவுனியாவுக்கோ? இயக்கத்திட்டைப் பாஸுக்கு அலைஞ்சு, திரும்பி வருவமெண்டு ஆளைப் பிணை வைச்சு... ஆர் போறது? நானெண்டாப் போகன். கால் போனாப் போகட்டுமெண்டு வீட்டிலை கிடப்பன்.

— கேட்டியளோ டொக்டர், இவா சொல்லுறதை?

— ஐயா, கொஞ்சம் பேசாமல் இருங்கோ, நாடி பார்க்கிறன். இந்தப் பாதத்திலை அடிக்குது... மற்றதிலையும் நல்லா அடிக்குது. விரலெல்லாம் சூடு. இந்தக் காலோடை நீங்கள் வற்றாப்பளைக் கோயில்மட்டும் நடந்து போய் வரலாம். உங்களுக்கு ஒரு ஒடுக்கமும் இல்லை.

— பாத்தியளோ! நான் அப்பவே நினைச்சனான். பேச ஆள் கிடைக்காமல் கடைசியிலை டொக்டரிட்டை வந்திருக்கிறார்.

— ஏன் ஐயா இந்தப் பொய்? எனக்கு இருக்கிற வேலை காணாதோ?

— எழும்புங்கோ, போவம். வெக்கக்கேடு.

— நான் சொன்னதிலை ஒரு சொல்லும் பொய்யில்லை டொக்டர். பிடிக்கிறதும் உண்மை, நிண்டா விடுறதும் உண்மை. கால்தான் என்ரையில்லை. இவா எழும்பமுந்தி அந்தச் செருப்பைக் கழட்டிப் பாருங்கோ.