அவருடைய வலது கை

என் வீட்டுக்காரருக்குச் சோறு ஊட்டுவது கொஞ்சம் சிரமம், ஐயா. வாய் நிறைய வைத்துக்கொண்டே பேசுவார். "முதல்ல முழுங்குங்க, அப்புறம் பேசலாம்" என்று பிள்ளையை அதட்டுகிற மாதிரி அதட்டுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த அதட்டலையும் சேர்த்து அவரேதான் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் அவர் இதே விசாரணை அறையில் நின்று, கைக்குச் சொன்ன பயிற்சியெல்லாம் வேண்டாமென்று தானே விட்டுவிட்டதாகச் சொன்னார். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை.

அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். வேலைக்குப் போன காலத்தில் அவர் எனக்குக் கிடைத்ததே இல்லை. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. விடிந்தால் போவார், அடைந்தால் வருவார். தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுப்பார். மெஷினில் ஒரு சின்னச் சத்தம் மாறினாலும் அவர் காதுக்குக் கேட்டுவிடும் என்பார்கள். நான் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் ஒரு 'ம்' வரும்.

சிக்கிய காகிதத்தை எடுக்கப் போனபோது உருளை அவர் வலது கையை இழுத்துக்கொண்டது. மேலே இருக்க வேண்டிய இரும்பு மூடி உடைந்து, பல மாதமாக மூலையில் கிடந்ததாம். விரல்கள் போகவில்லை. டாக்டர்கள் தைத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

சங்கத்துக்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து பேசினார். "அண்ணி, இது முதலாளி போடற பிச்சை இல்ல. வேலை செய்யற இடத்துல அடிபட்டா நஷ்டஈடு உங்க உரிமை. கை எந்த அளவுக்குத் தேறுதுன்னு டாக்டருங்க பார்த்து முடிவு சொல்லுவாங்க. அதுக்கேத்த மாதிரி கிடைக்கும். தைரியமா இருங்க" என்றார். நல்ல மனிதர். அவர் பேச்சில் கள்ளம் இல்லை. தேறாவிட்டால் இன்னும் அதிகமாகக் கிடைக்குமே என்று நினைத்தது நான்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை மட்டும் வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். "காயம் ஆறிடுச்சும்மா. இந்தக் கட்டு இனிமே ராத்திரிக்கு மட்டும் போதும். பகல்ல கழட்டிட்டு விரலை மடக்கி மடக்கி நீட்டச் சொல்லுங்க. வலிக்கும், விடாதீங்க. விட்டா மூட்டு அப்படியே இறுகிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது." தலையை ஆட்டினேன். நன்றாகப் புரிந்துதான் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம், "அசைக்கவே கூடாதாம், தையல் விட்டுப்போயிடுமாம்" என்றேன். நம்பினார். நான் சொல்லி அவர் நம்பாமல் இருந்ததில்லை. அதுவரை நான் சொன்னதை அவர் கேட்டதும் இல்லை.

பயிற்சி கொடுக்கிற பெண் வீடு தேடி வந்தாள். அவர் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி வாசலிலேயே அனுப்பினேன். மறுபடியும் வந்தாள், மறுபடியும் அனுப்பினேன். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு நானே தனியாகப் போய்வந்தேன். அவருக்கு அலைச்சல் வேண்டாமே என்று.

அந்த மாதங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். காலையில் நான் அவருக்குத் தலை வாரிவிடுவேன். சட்டை போட்டுவிடுவேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டே பேசுவார். சின்ன வயதில் வாங்கிய அடி, அச்சகத்தில் தலைகீழாக அச்சான கல்யாணப் பத்திரிகை, அப்பா செத்த அன்று தனக்கு அழுகை வராதது, எல்லாம். இத்தனை பேச்சை எங்கே ஒளித்துவைத்திருந்தார் என்று ஆச்சரியமாக இருக்கும். ஒரு நாள் சொன்னார், "பெரிய மனுஷங்கல்லாம் எனக்கு வலது கை இவன்தான்னு எவனையாவது காட்டுவாங்க. எனக்குத்தான் நிஜமாவே ஆள் கிடைச்சிருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

பிறகு டாக்டர்கள் முன்னால் கையைக் காட்டுகிற நாள் வந்தது. பெரிய டாக்டர் விரல்களை மடக்கிப் பார்த்தார். மரக்கட்டை மாதிரி இருந்தன. "ஏங்க, உங்க வீட்டம்மாகிட்ட அத்தனை தடவை சொல்லி அனுப்பினோமே, பயிற்சி செய்யலையா?" என்றார்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன்.

"அவ தினம் சொல்லிக்கிட்டுதான் இருந்தா டாக்டர். நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் கம்பெனி வக்கீல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சிகிச்சையை வேண்டுமென்றே உதறியவருக்கு எதற்கு நஷ்டஈடு என்கிறார். அப்படித்தான் இந்த வழக்கு உங்களிடம் வந்தது.

டாக்டரிடம் போய்வந்த அன்று சாயங்காலமே அவர் துணிகளைப் பையில் திணித்தார். ஒற்றைக் கையால் ஜிப்பை இழுக்க முடியவில்லை. முழங்காலால் பையை அமுக்கிக்கொண்டு இழுத்தார், பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். நான் கிட்டே போனேன். "நீ தொடாத" என்றார். கத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மூடித் தரச் சொன்னார். அந்த அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூடினாள்.

வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "பணத்துக்காகவா?"

ஆமாம் என்றேன். பணத்துக்காக என்றால் மன்னிக்க வழியிருக்கிறது என்று தோன்றியது. இல்லாத வீட்டில் யாருக்கும் வருகிற ஆசைதானே. அவர் தலையை ஆட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அப்படிப் போன பிறகும் உங்கள் முன்னால் வந்து என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாருங்கள். கோபம் இருந்தால் ஒரு மனுஷன் அப்படிச் செய்வாரா?

ஆகையால் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர் சிகிச்சையை உதறவில்லை. அவருக்குச் சொல்லப்படவே இல்லை. நஷ்டஈடு அவருக்குச் சேர வேண்டியது. எனக்கு என்ன தண்டனையோ, கொடுங்கள்.

பணத்துக்காக என்று சொன்னேனே, அதுவும் பொய். முதல் சில நாள் வேண்டுமானால் அப்படி நினைத்திருப்பேன்.

ஒரு காலை, துடைத்துவிடுவதற்காகக் கட்டைக் கழற்றியபோது அவருடைய சுண்டுவிரல் அசைந்தது. நெல்மணி அளவு இருக்கும், அவ்வளவுதான். "பார்த்தியா? அசைஞ்சுது பார்த்தியா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த வெளிச்சம் என்னைப் பார்த்து வரவில்லை. அவர் கண் ஜன்னலுக்கு வெளியே, அச்சகம் இருக்கிற திக்கில் இருந்தது.

"இல்லையே, உங்களுக்கு அப்படித் தோணுது" என்றேன். அந்த விரலை நீட்டிப் பிடித்து, முன்னைவிட இறுக்கமாகக் கட்டினேன். அவருக்கு வலிக்கவே இல்லை, ஐயா. அவ்வளவு பதமாகத்தான் கட்டினேன்.